வேதியியல் வகுப்பில் விளையாட்டு வைத்தால் மாணவர்களுக்கு ஆர்வம் வருமா?

கண்டிப்பாக வரும். ஆனால் எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். இணைதிறன் (ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறன்), வாய்பாடு (NaCl போலச் சேர்மத்தைக் குறியீட்டில் எழுதுவது) என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் முகம் சுருங்கிவிடுகிறது, வினாடி வினா வைத்தாலும் நாலைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வினாடி வினாவில் விடை தெரிந்தவர்கள்தான் ஆட முடியும். தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை. வேதியியலின் விதியே ஆட்டத்தின் விதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆட ஆடப் பாடம் உள்ளே போகும்.

நான் வைப்பது அயனி அட்டை. மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே நல்ல கெட்டியான அட்டை கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் ஓர் அயனியும் அதன் மின்சுமையும் எழுதுங்கள்: சோடியம் +1, கால்சியம் +2, அலுமினியம் +3, குளோரைடு −1, சல்பேட் −2, பாஸ்பேட் −3 இப்படி. நாலு பேருக்கு ஐம்பது அட்டை போதும். ஆளுக்கு 7 அட்டை, மீதி நடுவில் கவிழ்ந்திருக்கும். முறை வரும்போது ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றைப் போட வேண்டும். ஒரு வகை நேர் அயனியும் ஒரு வகை எதிர் அயனியும் சேர்ந்து மின்சுமைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம் ஆனால், சேர்மத்தின் பெயரைச் சொல்லிக் கீழே இறக்கலாம். எத்தனை அட்டையோ அத்தனை புள்ளி.

இந்தப் புள்ளிக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. சோடியம் குளோரைடுக்கு 2 புள்ளிதான், அலுமினியம் சல்பேட்டுக்கு 5. பரீட்சையில் பயந்து விட்டுவிடும் வாய்பாட்டை இங்கே எல்லோரும் துரத்துவார்கள். இரண்டு அலுமினியமும் இரண்டு சல்பேட்டும் வைத்திருக்கும் பெண் விரலை மடக்கிக் கணக்குப் போடுவாள்: இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் நாலு, இன்னும் ஒரு சல்பேட் வர வேண்டும். அது வந்ததும் மூன்று சல்பேட் அட்டைகளைப் பெஞ்சில் வரிசையாக வைப்பாள். Al₂(SO₄)₃ என்ற வாய்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே ஏன் 3 வருகிறது என்று அப்புறம் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கார்பனேட் (−2) அட்டையையும் சேர்த்து வையுங்கள். யாராவது அலுமினியம் கார்பனேட் இறக்குவார்கள். கணக்கு சரிதான், ஆனால் நீரில் அது நிலைக்காது. அலுமினியம் உப்புக் கரைசலில் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும் (கரையாத திடப்பொருளாகப் பிரியும்), கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மின்சுமை சமமானால் மட்டும் போதாது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வேகத்துக்குப் புள்ளி வைக்காதீர்கள், பரிசும் வேண்டாம். வேகம் வந்தால் மெதுவாக யோசிக்கிற பிள்ளை ஒதுங்கிவிடும், அந்தப் பிள்ளைக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்!

தனிம வரிசை அட்டவணைக்கும் அட்டை உதவும். அணு நிறை, ஆக்சைடின் வாய்பாடு, உலோகமா அலோகமா என்பதை மட்டும் எழுதி, பெயரை மறைத்து, முதல் 20 தனிமங்களை அடுக்கச் சொல்லுங்கள். சிலிக்கானை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடம் இடிப்பதைக் கண்டுபிடித்து, விடுபட்ட தனிமம் எப்படி இருக்கும் என்று அவர்களே எழுதட்டும். அதன்பிறகு ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவைப் பற்றிச் சொல்லுங்கள். 1869-இல் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டபோது அவர் சில இடங்களைக் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு அணு நிறை சுமார் 72, அடர்த்தி கன செ.மீ.க்கு 5.5 கிராம் இருக்கும் என்று கணித்தார். 1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் விங்க்லர் அந்த இடத்துக்குரிய ஜெர்மானியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். அதன் அணு நிறை 72.6, அடர்த்தி 5.3. தாங்களே ஒரு காலியிடத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள் இந்த எண்களைக் கேட்கும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

எந்த ஆட்டமானாலும் கடைசி பத்து நிமிடம் நோட்டுக்கு. இறக்கிய சேர்மங்களின் பெயரையும் வாய்பாட்டையும் அவரவர் எழுத வேண்டும். சமன்பாடுகளைச் சமன்செய்யும் பாடத்துக்கு முந்தைய வாரம் அயனி அட்டையை வைத்துப் பாருங்கள், வாய்பாட்டில் தடுமாறாமல் நேராகச் சமன்பாட்டுக்குள் போகலாம்.