காரின் பின்கண்ணாடியில் ஒட்டிய பழைய பிலிம் குமிழ் விட்டிருக்கிறது. ஊசியால் குத்திச் சரிசெய்யலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

புதிய பிலிமாக இருந்து, ஒட்டிய சில நாள்களில் சிறு நீர்க்குமிழ்கள் தெரிந்தால் கையை வைக்காதீர்கள். வெயில் பட்டு ஈரம் வற்றியதும் அவை தாமாகவே அடங்கும். உங்களுடையது பழையது என்பதால் பசை செத்திருக்கும். ஊசியால் குத்தினால் காற்று போகும், பிடிப்பு திரும்பாது. உரித்துத்தான் ஆக வேண்டும்.

உரிப்பதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்டிக்கர் கடைக்கு எதற்குக் காசு என்று நானே உரிக்க உட்கார்ந்தேன். மேல் தாள் துண்டு துண்டாகக் கிழிந்து வந்ததே தவிர, எண்ணெய் தடவாமல் பண்ருட்டிப் பலாவை அறுத்த கையில் பால் ஒட்டுவதைப் போலப் பசை முழுவதும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. சவர பிளேடால் சுரண்டினேன். கண்ணாடி பளபளத்தது, மனைவிகூடப் பாராட்டினாள்.

கார்த்திகை மழையில் விடியற்காலையில் புதுச்சேரிக்குப் போகும்போது, கன்னியகோயில் தாண்டியதும் பின்கண்ணாடி பனி மூட்டம் போட, டீஃபாகரைப் போட்டேன். மற்ற இடமெல்லாம் தெளிந்தது. குறுக்கே இரண்டு பட்டைகள் மட்டும் வெள்ளையாகவே நின்றன. கண்ணாடியின் உட்புறம் தெரியும் அந்த மெல்லிய கோடுகள்தான் மின்சாரம் பாய்ந்து சூடேறுபவை. அவற்றில் இரண்டை என் பிளேடு அறுத்திருந்தது. மயிரிழை வெட்டாக இருந்தால் மின்கடத்தும் பெயின்ட் தொட்டு இணைக்கலாம். நான் சுரண்டியிருந்ததோ விரல் நீளம்.

பிளேடு போட்டே பல வண்டிகளை உரித்ததாகச் சிலர் இங்கே சொல்லக்கூடும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் அது நடக்கலாம், அங்கே அந்தக் கோடுகள் இல்லை. பின்கண்ணாடிக்கு நீராவிதான் சரி. பிறகு பக்கவாட்டுப் பிலிமை எடுக்கக் கடைக்கே போனபோது, அங்கிருந்த பையன் நீராவி காட்டி ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, அவசரப்படாமல் இழுக்க, பசையோடு முழுத் தாளும் வந்ததை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மிஞ்சும் பசையைச் சோப்பு நீரில் ஊறவைத்து, கோடுகள் ஓடும் போக்கிலேயே துணியால் தேயுங்கள்.

புதியதை ஒட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமுக்கே தடை விதித்தது. பிலிமும் கண்ணாடியும் சேர்ந்து அந்த அளவுக்குக் குறையாமல் ஒளியை விட்டால் ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சோதனையில் நிறுத்துபவரிடம் நடுரோட்டில் தீர்ப்பு வாசிக்க முடியாது. 'எல்லாம் சட்டப்படிதான் சார்' என்று சொல்லி எனக்குக் கறுப்பாக ஒட்டிய கடைக்காரர், அபராதம் கட்டிய ரசீதைக் காட்டியபோது என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார். நானும் வழக்கு அறிந்தவன் அல்லன். ஆகவே இப்போது பின்கண்ணாடியை வெறுமனே விட்டிருக்கிறேன், அந்த இரண்டு பட்டைகளோடு.