240 பைட் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் அலுவலக நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது. வெளியிலிருந்து வந்து ஒரு கோப்புறையில் இறங்கும் கோப்புகளை இன்புட் ஸ்ட்ரீம் (தரவு உள்ளே வரும் வழி) வழியாக வாசித்து, அவுட்புட் ஸ்ட்ரீம் (தரவு வெளியே போகும் வழி) வழியாக வேறிடத்தில் எழுதி வைப்பதுதான் அதன் வேலை. புகைப்படங்கள் நன்றாகவே திறக்கின்றன. எக்ஸ்எம்எல் கோப்புகளை (திறப்பு, மூடு குறிகளுக்குள் தரவை வைக்கும் உரைக்கோப்புகளை) மட்டும் அடுத்த நிரல் ஏற்க மறுக்கிறது. 10,000 பைட் உள்ள கோப்பு ஒன்று, நகலெடுத்தபின் 10,240 பைட்டாக இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பஃபரை, அதாவது வாசித்த தரவை எழுதும்வரை தாங்கும் நினைவகப் பகுதியை, பெரிதாக்கச் சொன்னார். 1 எம்பி ஆக்கினோம். அதே கோப்பு 1,048,576 பைட்டாக வீங்கிவிட்டது. இப்போது கட்டணம் செலுத்தி ஓர் ‘அதிவேக ஸ்ட்ரீம் நூலகம்’ (ஆயத்த நிரல் தொகுப்பு) வாங்க வேண்டும் என்கிறார். அடுத்த கட்டமாகக் கோப்புறையை விட்டுவிட்டு நேரடியாக நெட்வொர்க் இணைப்பிலிருந்தே வாசிக்கவும் திட்டம் இருக்கிறது. நூலகத்தை வாங்கலாமா? நான் நிர்வாகம் பார்ப்பவன், நிரலாளன் அல்ல.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் நிரலில் பிழை ஒரே வரியில் இருக்கிறது. அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். நீங்கள் அனுப்பியிருக்கும் எண்களே நோயைச் சொல்லிவிட்டன. நிரலைத் திறந்து பார்க்க வேண்டிய தேவைகூட எனக்கு இல்லை.

கால்குலேட்டரை எடுத்து 10,240ஐ 1,024ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 10 வரும். பஃபரைப் பெரிதாக்குவதற்கு முன் எழுதப்பட்ட எந்த நகலை எடுத்து வகுத்தாலும் இப்படியே மீதியின்றி வகுபடும். உலகத்துக் கோப்புகள் எல்லாம் 1,024இன் மடங்காகவே பிறப்பதில்லை. ஆகவே அந்த அளவு கோப்பிலிருந்து வந்தது அல்ல, உங்கள் பஃபரிலிருந்து வந்தது.

பஃபர் என்பதை 1,024 கட்டங்கள் போட்ட ஒரு சிலேட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘ரீட்’ என்று கேட்டால், இன்புட் ஸ்ட்ரீம் தன்னிடம் இருப்பதை அந்தச் சிலேட்டில் முதல் கட்டத்திலிருந்து எழுதித் தரும். எத்தனை கட்டங்களை நிரப்பியது என்ற எண்ணையும் கூடவே சொல்லும். ‘ரைட்’ என்று சொன்னால், சிலேட்டில் இருப்பது அவுட்புட் ஸ்ட்ரீமுக்குப் போகும். உங்கள் 10,000 பைட் கோப்பில் முதல் 9 முறையும் சிலேட்டு நிறைந்தது. அது 9,216 பைட். பத்தாவது முறை மிச்சமிருந்தது 784 மட்டுமே. ‘ரீட்’ 784 கட்டங்களை நிரப்பி, ‘784’ என்று ஒழுங்காகச் சொல்லவும் செய்தது. உங்கள் நிரல் அந்த எண்ணைக் காதில் வாங்கவில்லை. சிலேட்டு முழுவதையும் அப்படியே எழுதிவிட்டது.

மீதி 240 கட்டங்களில் என்ன இருந்தது? ஒன்பதாவது முறை எழுதியதன் வால் பகுதி. புதிதாக எழுதும் முன் சிலேட்டை யாரும் துடைப்பதில்லை. அந்தப் பழைய 240 பைட்தான் கோப்பின் முடிவில் இரண்டாம் முறை ஒட்டிக்கொண்டது. 1 எம்பி ஆக்கியபோது நடந்ததும் இதுவே: முதல் வாசிப்பிலேயே 10,000 பைட்டும் வந்துவிட்டன, மீதிக் கட்டங்களில் ஜாவா தொடக்கத்தில் நிரப்பி வைக்கும் சுழியங்கள் இருந்தன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுழியங்கள் உங்கள் வட்டில் இறங்கின. பஃபரைப் பெரிதாக்கச் சொன்னவர் பிழையைப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புகைப்படங்கள் திறப்பதை வைத்து அவை நல்லவை என்று நம்பிவிடாதீர்கள். ஜேபெக் கோப்பில் ‘இத்துடன் படம் முடிந்தது’ என்று சொல்லும் குறி ஒன்று உண்டு. படத்தைக் காட்டும் நிரல்கள் அந்தக் குறியோடு நின்றுவிடும், அதற்குப் பின்னால் கிடக்கும் குப்பையைப் பொருட்படுத்தாது. எக்ஸ்எம்எல்லை வாசிக்கும் நிரல் அப்படி விடாது. கடைசி மூடுகுறிக்குப் பின் எழுத்துகள் கிடந்தால் கோப்பையே நிராகரிக்கும். அது மறுத்ததால்தான் உங்களுக்கு இந்தப் பிழை தெரியவந்தது.

திருத்தம் இதுதான். ‘ரீட்’ திருப்பித் தரும் எண்ணை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ரைட்’டிடம் பஃபரை மட்டும் நீட்டாமல், ‘சுழியத்திலிருந்து தொடங்கி இத்தனை பைட் மட்டும்’ என்று அந்த எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். அந்த எண் -1 ஆனால் ஸ்ட்ரீம் முடிந்துவிட்டது என்று பொருள்; லூப்பை (திரும்பத் திரும்ப வாசித்து எழுதும் பகுதியை) விட்டு வெளியேறலாம். இன்னும் நல்லது, லூப்பையே எழுதாமல் விடுவது. ஜாவா 9 முதல் இன்புட் ஸ்ட்ரீமிலேயே ‘டிரான்ஸ்ஃபர் டூ’ என்ற ஒரு செயல் இருக்கிறது. மூலத்திடம் ‘உன்னிடம் உள்ளதையெல்லாம் இதற்கு மாற்று’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதற்கும் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால், ஸ்ட்ரீமிலிருந்து நேரடியாகக் கோப்புக்கு எழுத ‘ஃபைல்ஸ்’ வகுப்பின் ‘காப்பி’ ஜாவா 7 முதல் கிடைக்கிறது. பைத்தானில் ‘காப்பிஃபைல்ஆப்ஜ்’, கோ மொழியில் ‘ஐஓ காப்பி’, டாட்நெட்டில் ‘காப்பி டூ’ என்று எல்லோரிடமும் இதற்கு ஒன்று உண்டு. எல்லாம் மொழியோடு சேர்ந்தே வருபவை. இதற்குத்தான் உங்களிடம் கட்டணம் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஜாவாவின் முதல் பதிப்பு 1996இல் வந்தது. ‘டிரான்ஸ்ஃபர் டூ’ வந்தது 2017இல். ஒரு ஸ்ட்ரீமில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றுவது என்ற, எல்லா நிரல்களுக்கும் வேண்டிய ஒரு வேலைக்கு ஒற்றைவரிச் செயலைத் தர 21 ஆண்டுகள்! அவ்வளவு காலமும் ஒவ்வொரு நிரலாளரும் அதே பத்து வரியைக் கையால் எழுதினார்கள். அல்லது இணையத்தில் கண்ட இடத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். ‘ரீட்’ தரும் எண்ணைத் தூக்கி எறிந்தாலும் ஜாவா தொகுப்பி (எழுதிய நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) ஓர் எச்சரிக்கைகூடக் கொடுப்பதில்லை. பயிற்சி வகுப்புகளில் 20 பைட் உரைக்கோப்பு ஒன்றை நகலெடுத்துக் காட்டி, திரையில் சரியாகத் தெரிந்தால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வாலில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத சுழியங்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த மாணவர்தான் நாளை உங்கள் அலுவலகக் கோப்புகளைக் கையாள்கிறார்.

இடைத்தரகர் நூலகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இனி இன்னொன்றில் விழக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்கியிருந்த ‘தரவு மாற்றக் கூறு’ ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. உள்ளே இருந்தது பத்து வரி லூப். மேலே மூன்று அடுக்கு உறைகள், உரிமச் சரிபார்ப்புக்கு நானூறு வரி. அந்தப் பத்து வரியிலும் ஒரு பிழை இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன். வேகத்துக்காகப் பணம் கேட்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘எதைவிட வேகம்? மொழியோடு வரும் செயலோடு ஒப்பிட்டு, எங்கள் கோப்புகளை வைத்தே ஓட்டிக் காட்டுங்கள்.’ நகலெடுப்பில் பெரும்பாலும் நேரம் போவது வட்டிலும் இணைப்பிலும். அதை எந்த உறையாலும் விரைவாக்க முடியாது. பஃபர் அளவும் மந்திரம் அல்ல. கோ மொழி 32 கேபி வைத்துக்கொள்கிறது, டாட்நெட் 81,920 பைட். ஒவ்வொரு பைட்டாக வாசிக்காமல் இந்த அளவுகளுக்குள் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் அடுத்த கட்டத் திட்டத்துக்கு வருகிறேன், உண்மையான ஆபத்து அங்கேதான். வட்டில் இருக்கும் கோப்பை வாசிக்கும்போது நடைமுறையில் கடைசி முறை மட்டுமே சிலேட்டு குறையாக நிரம்பும். அதனால் குப்பை வாலில் மட்டும் ஒட்டியது, நீங்கள் தப்பித்தீர்கள். நெட்வொர்க் இணைப்பில் அப்படி இல்லை. தரவு துண்டு துண்டாக வருகிறது. ஈதர்நெட் என்ற கம்பி இணைப்பில் ஒரு சட்டகம் (ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டு) சுமப்பது வழக்கமாக 1,500 பைட், முகவரித் தலைப்புகள் போக 1,460. நீங்கள் 4,096 கட்டங்களோடு போய் நின்றாலும் ‘ரீட்’ 1,460 தந்துவிட்டு நிற்கலாம். 300 தந்துவிட்டும் நிற்கலாம். அது பிழை அல்ல. ‘இப்போது கையில் இருப்பது இவ்வளவு’ என்று அது நேர்மையாகச் சொல்கிறது. உங்கள் இன்றைய நிரலை அங்கே கொண்டுபோய் வைத்தால் குப்பை வாலில் நிற்காது, நடு நடுவே புகும். அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில். ‘என் கணினியில் சரியாக ஓடுகிறதே’ என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அவர் கணினியில் அது சரியாக ஓடவும் செய்யும்.

இணைப்பிலிருந்து வாசிப்பதில் ஒரு விதிவிலக்கை நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். -1 வந்தால் முடிந்தது என்று சொன்னேன். கோப்பில் அது எப்போதும் வரும். திறந்தே இருக்கும் இணைப்பில் வராது. மறுமுனை தன் பக்கத்தை மூடினால்தான் -1 வரும். மறுமுனை ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, அடுத்ததை அனுப்புவதற்காக இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால், உங்கள் லூப் -1க்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதேநேரம் மறுமுனை உங்கள் ஒப்புகைக்காகக் காத்திருந்தால் இரண்டும் உறைந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஓடிக்கொண்டிருப்பதாகவே திரை காட்டும். ‘டிரான்ஸ்ஃபர் டூ’வும் இதே இடத்தில் இதேபோல் நிற்கும், அதற்கும் -1தான் முடிவு.

இதற்குச் சரியான வழி, கோப்பு எவ்வளவு நீளம் என்று அனுப்புபவர் முதலில் சொல்லிவிடுவதும், வாசிப்பவர் அந்த அளவை எண்ணி வாசித்து நிறுத்திக்கொள்வதும்தான். இணையத்தில் பக்கங்களும் கோப்புகளும் பரிமாறப்படும் நெறிமுறையான ஹெச்டிடிபியில் ‘கன்டென்ட் லெங்த்’ என்ற தலைப்பு இதற்காகவே இருக்கிறது. நல்ல ஹெச்டிடிபி நூலகங்கள் அந்த எண்ணிக்கையைத் தாங்களே பார்த்துக்கொண்டு, உள்ளடக்கம் முடிந்ததும் உங்களுக்கு -1 தந்துவிடும். அவற்றைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. வெறும் சாக்கெட்டை (இரு நிரல்களுக்கு இடையிலான அடிப்படை இணைப்பை) நேரடியாகத் திறப்போம் என்று யாராவது சொன்னால்தான் கவலை. அப்போது கேளுங்கள்: ‘ஒரு கோப்பு எங்கே முடிகிறது என்று நம் நிரலுக்கு யார் சொல்வார்கள்?’ தெளிவான விடை இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

தவறான வழி ஒன்று உண்டு. அந்தக் கட்டணக் கூறுக்குள் நான் பார்த்தது அதுதான். ‘அவைலபிள்’ என்றொரு செயல் இருக்கிறது. காத்திருக்காமல் இந்த நொடியில் எத்தனை பைட் வாசிக்க முடியும் என்ற மதிப்பீட்டை மட்டும் அது சொல்லும். மொத்தம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்லாது. அது சுழியம் என்றால் அடுத்த துண்டு இன்னும் வழியில் இருக்கிறது என்றுகூடப் பொருள். அந்தக் கூறு, சுழியம் வந்ததும் ‘முடிந்தது’ என்று எண்ணிக் கோப்பை மூடிவிட்டது. இணைப்பு வேகமாக இருந்த நாட்களில் எல்லாம் நன்றாக நடந்தது. மெதுவான நாட்களில் கோப்புகள் பாதியில் அறுந்தன. பல மாதங்கள் இணைப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நிரலில் ‘அவைலபிள்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். நகலெடுக்கும் லூப்பில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகல் மூலத்தைவிடச் சிறிதாக இருந்தால், அவுட்புட் ஸ்ட்ரீமை மூட மறந்திருக்கலாம். அப்போது கடைசிப் பகுதி நினைவகத்திலேயே தங்கிவிடும். ‘டிரான்ஸ்ஃபர் டூ’ ஸ்ட்ரீமை மூடித் தராது, அதை நிரல்தான் செய்ய வேண்டும். இரண்டாவது, படத்தையோ பிடிஎஃப்பையோ எழுத்தாக மாற்றி வாசித்து எழுதவே கூடாது. எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறையான யுடிஎஃப்-8க்குப் பொருந்தாத பைட்டுகள் ஒரு மாற்றுக்குறியாகிவிடும், மூலத்தில் என்ன இருந்தது என்பது திரும்பக் கிடைக்காது.

பஃபரை எங்கே உருவாக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே பஃபரை எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக வைத்திருந்தால், ஒருவருடைய கோப்பின் வாலில் ஒட்டியிருப்பது இன்னொருவருடைய ஆவணத்தின் பகுதியாக இருக்கலாம். அப்படியானால் இது வெறும் அளவுப் பிழை அல்ல. வெளியே அனுப்பிய நகல்களின் பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேமித்தவற்றை என்ன செய்வது? நல்லவேளையாகக் கோப்புறையிலிருந்து வந்தவை அனைத்தும் பெரும்பாலும் வாலில் மட்டுமே கெட்டிருக்கும். மூலம் கையில் இருந்தால் திருத்திய நிரலால் மறுபடி நகலெடுங்கள், வேறெதுவும் வேண்டாம். மூலம் அழிந்து, அதன் அளவு மட்டும் எங்காவது பதிவாகியிருந்தால், நகலை அந்த அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். அனுப்பியவரிடம் சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) இருந்தால் வெட்டியபின் அதோடு ஒப்பிடுங்கள். அளவும் தெரியாத எக்ஸ்எம்எல் கோப்புகளில் கடைசி மூடுகுறிக்குப் பின் இருப்பதை நீக்கலாம். ஆனால் ஒட்டிய துண்டிலேயே அந்தக் குறி இரண்டாம் முறை வந்திருக்கக்கூடும், முதலில் வருவதோடு வெட்ட வேண்டும். சோதனைக்காகவேனும் நேரடி இணைப்பில் பழைய நிரலை ஓட்டிப் பார்த்திருந்தால், அந்தக் கோப்புகளை வெட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள்.