கச்சான் காலத்தில் குறி ஏன் தப்புகிறது?

வாசகர் கேள்வி – பதில்: துப்பாக்கிச் சுடுதல்

கேள்வி: 50 மீற்றர் .22 ரைபிள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். காலை ஏழரைக்கு ஒழுங்காகப் பத்தில் விழும் சன்னம், பத்தரைக்குப் பிறகு எட்டு, ஏழு என்று போய்விடுகிறது. அதே துவக்கு, அதே பெட்டி ரவை. காற்றுக்கொடியைப் பார்த்துத்தான் கிளிக் (குறிகாட்டித் திருகின் படி) மாற்றுகிறேன். எங்கே பிழை?
(வாசகி, உவர்மலை)

பதில்: துவக்கைக் கழற்ற வேண்டாம். ஆனி, ஆடியில் திருக்கோணமலைப் பக்கம் விடியப்புறம் காற்று பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏறத்தான் மேற்கே இருந்து கச்சான் எழும்பும். (வறுத்துக் கொறிக்கும் கச்சான் அல்ல, வியர்வையைக் காயவைக்கும் கச்சான்.) உங்கள் எட்டும் ஏழும் அந்தக் காற்றின் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன.

சன்னம் குழலை விட்டுப் புறப்படும் வேகம் செக்கனுக்குச் சுமார் 330 மீற்றர். அந்த வேகம் குறையாமல் இருந்தால் 50 மீற்றரை 0.152 செக்கனில் கடக்கும். காற்றுத் தடையால் உண்மையில் பிடிப்பது ஏறக்குறைய 0.159 செக்கன். பக்கக்காற்று வேலை செய்வது இந்த வித்தியாசமான 0.007 செக்கனில்தான். பறக்கும் நேரம் முழுவதும் காற்று தள்ளுகிறது என்று வைத்தால், செக்கனுக்கு 4 மீற்றர் காற்றில் சன்னம் 64 சென்ரிமீற்றர் விலகியிருக்கும், தாளிலேயே பட்டிருக்காது. சன்னம் மூக்கைக் காற்று வரும் பக்கம் மயிரிழை திருப்பிக்கொண்டு பறக்கிறது. தடை அதைப் பின்னுக்கு இழுக்கும்போது கொஞ்சம் பக்கத்துக்கும் இழுக்கிறது. எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ அதற்கேற்ற விலகல்.

ஆக, செக்கனுக்கு 1 மீற்றர் பக்கக்காற்றுக்கு 7 மில்லிமீற்றர். பத்தின் வட்டம் 10.4 மில்லிமீற்றர் விட்டம். அடுத்தடுத்த வளையங்கள் 8 மில்லிமீற்றர் இடைவெளியில். சன்னத்தின் விளிம்பு கோட்டில் பட்டாலே புள்ளி என்பதால் 1 மீற்றர் காற்றில் இன்னும் பத்து கிடைக்கும். 3 மீற்றரில் 21 மில்லிமீற்றர், அது எட்டு. 4 மீற்றரில் 28, அது ஏழு. மர இலைகளும் சிறு கொப்புகளும் விடாமல் அசைகிற காற்று அது. புயல் தேவையில்லை.

இதனால்தான் ‘கூடிய வேகம்’ என்று அச்சிட்ட .22 ரவை வாங்கிக் காற்றை வெல்லப் பார்ப்பது வீண். ஒலியைவிட வேகமாகப் புறப்படும் சன்னம் அந்த மிகுதி வேகத்தைத் தொடக்கத்திலேயே இழக்கிறது, கூடுதலாகவே விலகுகிறது. போட்டிக்காரர் ஒலிக்குக் கீழான ரவையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கொடி. 50 மீற்றர் சுடுதளத்தில் கொடிகள் 10 மீற்றரிலும் 30 மீற்றரிலும் நிற்கும். 5 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் நீளம். இலக்குக்குக் கிட்ட உள்ள கொடியைப் பார்ப்பதே பலரின் பழக்கம். குழலுக்குக் கிட்ட அடிக்கும் காற்றுத்தான் கூடக் கெடுக்கும், ஏனென்றால் அங்கே திரும்பிய கோணம் கடைசிவரை கூடவே போகிறது. இரண்டும் முரண்பட்டால் 10 மீற்றர் கொடியின் பக்கம் சாயுங்கள். இரண்டும் எதிரெதிராகப் பறந்தால் சுடாதீர்கள்.

அடுத்த வழக்கமான பிழை, சாய்வாக வரும் காற்றைப் பாதி என்று எடுப்பது. சுடும் திசைக்கு 45 பாகையில் வரும் காற்றின் பக்க வலு பாதியல்ல, முழுக்காற்றின் 0.7. பாதியாவது 30 பாகையில். 60 பாகையில் கிட்டத்தட்ட முழுக்காற்று, 0.87.

இன்னொன்று: விலகல் நேர்கிடையாகவும் இராது. வலஞ்சுழிக் குழலில் (உள்வரிகள் சன்னத்தை வலப்பக்கமாகச் சுழற்றும் குழல்) வலப்பக்கமிருந்து வரும் காற்று சன்னத்தை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடக்காற்று வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்கும். மணிக்கூட்டு முகத்தில் பத்துக்கும் நாலுக்கும் இடையே கோடு கீறிப் பாருங்கள், உங்கள் பழைய தாள்களில் துளைகள் அந்தக் கோட்டோடு கிடக்கும். பக்கக் கிளிக்கை மட்டும் திருப்பினால் பாதி வேலைதான்.

ஒவ்வொரு வெடிக்கும் கிளிக் மாற்றுவதை விடுங்கள். பரீட்சார்த்த வெடிகளின்போது அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்று நிலையைத் தெரிவு செய்து, அதற்குச் சரியாகக் கிளிக் வையுங்கள். பிறகு கொடி அதே கோணத்துக்கு வரும்போது மட்டும் விசையை அழுத்துங்கள். படுத்துச் சுடும் போட்டியில் 60 வெடிக்கு 50 நிமிடம் இருக்கிறது. ஒரு நிமிடம் காத்திருந்தால் நட்டமில்லை. பின்னேரம் கடற்காற்று புகுந்து கச்சானைப் பின்தள்ளினால் காற்றின் திசையே மாறிவிடும். காலைக் கிளிக் அப்போது உங்களுக்கு எதிரி. சட்டென்று வெக்கை தணிந்தால் கொடியைத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: மண்ணணைக்குப் பின்னால் காற்றே இல்லை. அங்கே நின்று சுட்டால் தப்பலாமா?
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: காற்று இல்லை என்று தோன்றும் அந்த இடம்தான் ஏமாற்றுக்காரன். அணையையோ குன்றையோ தாண்டும் காற்று மறுபக்கம் உடைந்து சுழலும். சுழலுக்குள் நிலத்தை ஒட்டிய காற்று எதிர்த்திசையில்கூட ஓடும். அதற்குள் நட்ட கொடி ‘கிழக்கே இருந்து’ என்று சொல்ல, மேலே கச்சான் மேற்கே இருந்து அள்ளிக்கொண்டு போகும். 3 மீற்றர் உயர அணையின் குழப்பம் 30 மீற்றர் வரை நீளலாம்.

தூரம் கூடினால் இது இன்னும் மோசம், சன்னம் நிலத்தோடு போவதில்லை. 7.62 ரைபிளில் 300 மீற்றர் சுடும்போது பாதை நடுவில் ஒரு சாண் அளவு உயரும். 900 மீற்றரில் ஏறக்குறைய 4 மீற்றர். அந்த உயரத்துக் காற்று புல்லை அசைக்கும் காற்றைவிட வலுவானது. தூரம் இரட்டித்தால் விலகல் நாலு மடங்குக்கும் மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு குன்றுகளுக்கிடையே வெட்டவெளி இருந்தால், மற்ற இடம் அமைதியாக இருந்தாலும் அந்த வாயால் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். சுடுவதற்கு முதல் பாதை நெடுகக் கண்ணை ஓட்டி, அணை எங்கே முடிகிறது, மரவரிசை எங்கே விடுபடுகிறது என்று பாருங்கள். தென்னோலை கொஞ்சக் காற்றுக்கே ஆடிச் சத்தம் போடும், அதை நம்பிப் பெரிய திருத்தம் வைக்க வேண்டாம்.

கேள்வி: மேட்டிலிருந்து கீழே சுட்டால் சன்னம் தாழ்ந்து விழும், கீழிருந்து மேலே சுட்டால் உயரும் என்கிறார்கள். சரியா?
(வாசகர், மூதூர்)

பதில்: இரண்டிலும் உயரத்தான் விழும். புவியீர்ப்புக்குக் கணக்கு கிடைத்தூரம், அதாவது சரிவோடு அல்லாமல் கிடையாக அளக்கும் தூரம். 30 பாகைச் சரிவில் 300 மீற்றர் என்றால் கிடைத்தூரம் 260 மீற்றர். அதற்கே குறி வைக்க வேண்டும். 10 பாகையில் 295, பொருட்படுத்த வேண்டியதில்லை. சமதளச் சுடுதளத்தில் போட்டியிடுவோர் இதை மறந்துவிடலாம். ஆனால் வெயிலில் காய்ந்த சரிவோடு மேலேறும் காற்றுச் சன்னத்தைத் தூக்கும் என்பது வேறு விடயம்.

கேள்வி: கடலோர ஈரக்காற்று கனமானதல்லவா? பூமி சுழல்வதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?
(மாணவர், கிண்ணியா)

பதில்: நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது. 30 பாகை செல்சியஸில் நன்றாக ஈரமேறிய காற்றின் அடர்த்தி ஒரு வீதம் சொச்சம் குறையும். வெப்பம்தான் பெரிய ஆள்: 15 பாகையிலிருந்து 33 பாகைக்கு ஏறினால் சுமார் 6 வீதம் குறைவு. பூமிச் சுழற்சி? நம் அகலாங்கில், 300 மீற்றரில் பக்கவிலகல் ஒன்றரை மில்லிமீற்றரும் வராது. கிழக்கோ மேற்கோ நோக்கிச் சுட்டால் உயரத்தில் வரும் மாற்றமும் ஒரு சென்ரிமீற்றருக்குள்தான்.

கேள்வி: தொலைநோக்கியில் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடுகிறது. என்ன செய்வது?
(வாசகர், நிலாவெளி)

பதில்: அது கானல், எரிச்சல்படாமல் வாசிக்கப் பழகுங்கள். தொலைநோக்கியின் குவியத்தை இலக்கிலிருந்து உங்கள் பக்கமாக, பாதையின் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள். அலை ஓடும் திசையே காற்றின் திசை. சாய்ந்து ஓடினால் மெல்லிய காற்று, படுத்து ஓடினால் வலுவானது. செக்கனுக்கு 5, 6 மீற்றருக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரித் தட்டையாகிவிடும், பிறகு கொடிதான். பானையில் கொதிப்பதுபோல் நேரே மேலெழும்பினால் பக்கக்காற்று இல்லை என்று பொருள், ஆனால் காற்று பக்கம் மாறும் தறுவாயிலும் இப்படித்தான் கொதிக்கும். அந்த நேரம் விசையிலிருந்து விரலை எடுங்கள்.

இலக்கைச் சுற்றியல்லாமல் காட்சி முழுவதும் ஆடினால், அது சுட்டுச் சூடேறிய உங்கள் குழலிலிருந்து எழும் வெக்கையாகவும் இருக்கலாம். குழலின் மேல் நீளவாக்கில் 5 சென்ரிமீற்றர் அகலத் துணிப்பட்டி ஒன்றை இழுத்துக் கட்டினால் அந்த வெக்கை பக்கமாக விலகிப் போய்விடும்.