வாசகர் கேள்விகள்: ஆடிட்டோரியத்தில் ஒரு மணி நேரம் போதுமா?

எங்கள் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு தொடக்கத்தில் பாலியல் வன்முறைத் தடுப்பு பற்றி ஒரு மணி நேர செமினார் நடத்துகிறோம். மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்து பேசுவார்கள். இது போதுமா?
– பேராசிரியை, கருப்பூர்

போதாது. முந்நூறு பேர் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் லேபில் ஒன்று நடந்தால் யாரிடம் போவது என்று அதில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. பேச்சும் பெரும்பாலும் 'இருட்டில் தனியாகப் போகாதே' என்ற ரகம்தான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான். முன்பின் தெரியாதவனுக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்து, தெரிந்தவன் விஷயத்தில் வாய்மூடி இருக்க விடுகிறோம்.

கனடாவின் 3 பல்கலைக்கழகங்களில் 893 முதலாமாண்டு மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 3 மணி நேரம் வீதம் 4 அமர்வுகள். இன்னொரு குழுவுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானோர் பிரசுரக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். தெரிந்தவரின் நடத்தையில் ஆபத்தை அடையாளம் காண்பது, 'தப்பாக நினைத்துக்கொள்வாரோ' என்ற தயக்கத்தைத் தாண்டுவது, சொல்லாலும் உடலாலும் எதிர்ப்பது என எல்லாவற்றையும் செய்துபார்க்க வைத்தார்கள்.

இங்கே செய்வதானால் இருபது, இருபத்தைந்து பேராகப் பிரியுங்கள். மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேருக்கு மூன்றே பெண்கள் இருந்தால், அந்த மூவரை ஐம்பத்தேழு பேர் திரும்பிப் பார்க்கும்படி உட்கார வைக்காதீர்கள். இரண்டு மூன்று துறை மாணவிகளைச் சேர்த்துத் தனி அமர்வு, மாணவர்களுக்குத் தனி அமர்வு. கடைசி அமர்வு மட்டும் கலந்து. முதல் வாரத்தில் வேண்டாம், அப்போது ஹாஸ்டல் விதி முதல் பஸ் பாஸ் வரை எல்லாமே காதில் விழுந்து போகும். முதல் இன்டர்னலுக்கு முன் தொடங்கி, மாதம் ஒன்றாக வையுங்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவர் நடத்தக் கூடாது. 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கூட்டத்தில் கேட்கவே கூடாது; வாய் தவறிச் சொன்னவர் மறுநாளே வருந்துவார். யாராவது தனியே வந்து சொன்னால், 'ஏன் போனாய்?' என்று குறுக்கிடாமல், சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். முழு ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காமல், இருக்கும் வழிகளைச் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

புராஜெக்ட் கைடு இரவில் அனுப்பும் மெசேஜ்கள் எல்லை மீறுகின்றன. வைவா மார்க் அவர் கையில். புகார் கொடுத்தால் என் கதி?
– இறுதியாண்டு மாணவி, சேலம்

இந்தப் பயத்தை எதிர்பார்த்தே யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் எழுதப்பட்டுள்ளன. விசாரணை நடக்கும்போதே, அவர் உங்கள் தேர்வையோ வேலையையோ மதிப்பிடாமல் தடுக்கும்படி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் கேட்கலாம். புகாரிலேயே இதையும் எழுதிவிடுங்கள்; கேட்காமல் தானாகச் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம்.

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் மூவரும் குழுவில் இருக்க வேண்டும். துறைத் தலைவர், டீன் போன்றோர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான், உறுப்பினர் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.

மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதியும் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். குழுவுக்குப் போவதால் போலீசுக்குப் போகும் உரிமை போய்விடாது.

ஐ.வி. (தொழிற்சாலைச் சுற்றுலா) முடித்து ஏற்காட்டுக்கும் போகிறோம். பஸ்ஸில் சிலர் ஜூனியர் பெண்களைக் கிண்டல் செய்வார்கள். தட்டிக்கேட்டால் 'சீன் போடுறான்' என்பார்கள். என்ன செய்வது?
– மூன்றாமாண்டு மாணவர், ஓமலூர்

நேருக்கு நேர் மோதுவது ஒரு வழி மட்டுமே. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைப் பாதையில் அது கைகலப்பானால் வேறு வினை. பேச்சைத் திருப்புங்கள்: 'மச்சி, இங்க வா, ஸ்பீக்கர் வேலை செய்யல' என்று கூப்பிட்டாலே பாதி அடங்கும். அடங்காவிட்டால் கூட வந்த பேராசிரியரிடம் சொல்லி இடம் மாற்றச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு அந்தப் பெண்ணிடம், 'நடந்ததைப் பார்த்தேன், புகார் கொடுத்தால் சாட்சி சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். வீடியோ எடுத்திருந்தால் அவரிடம் மட்டும் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே இரண்டு மூன்று நண்பர்களோடு பேசி வைத்துக்கொண்டால், 'சீன்' என்ற சொல் ஒருவர் மேல் மட்டும் விழாது.

வன்முறை நடந்துவிட்டால் முதலில் போலீசா, ஆஸ்பத்திரியா?
– விடுதிக் காப்பாளர், சேலம்

ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்னதோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்க வேண்டாம். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டார் என்றாலும் கூட்டிப் போங்கள். துணைக்கு மகளிர் உதவி எண் 181ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

ஆண் மாணவர் புகார் கொடுக்க முடியுமா?
– பெற்றோர், ஆத்தூர்

முடியும். ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதை அதே யு.ஜி.சி. விதிமுறைகள் ஏற்கின்றன. ஹாஸ்டலில் சீனியர்கள் ஆடையைக் கழற்றச் சொல்வது ராகிங்கிலும் சேரும், அதற்கு ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.