வாசகர் கேள்விகள்: பழைய ஓலையும் பழைய கோர்ட்டும்

கேள்வி: வீட்டிலுள்ள ஒரு ஓலையில் ‘கொல்லம் 1040 ஆவணி’, இன்னொன்றில் ‘1040 வைகாசி’ என்றிருக்கிறது. கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 825 கூட்டி இரண்டுக்கும் 1865 என்று குறித்திருக்கிறோம். சரியா?
– வாசகர், தக்கலை

பதில்: வைகாசி சரி, ஆவணி தவறு. நம் பக்கத்துக் கொல்லம் ஆண்டு சித்திரையில் அல்ல, ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழியின் முன்பாதி வரை 824 கூட்டுங்கள். அதன்பின் ஆடி முடிய 825. ஆகவே உங்கள் ஆவணி ஓலை 1864-ஐச் சேர்ந்தது. அக்காலத்தில் ஜனவரி பிறந்தது மார்கழி 18, 19 வாக்கில். அந்த நாட்களில் எழுதிய ஓலையென்றால் பஞ்சாங்கம் பார்க்காமல் வருடம் குறிக்காதீர்கள்.

வைகாசி ஓலையில் தேதியையும் கவனியுங்கள். 1040 இடவம் (வைகாசி) 21, அதாவது 1865 ஜூன் 2 அன்றுதான் பண்டாரப்பாட்ட நிலத்தை, அதாவது அரசுக்குச் சொந்தமான குத்தகை நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கு அதை விற்கவும் வாரிசுக்கு விடவும் முழு உரிமை தந்து திருவிதாங்கூர் அரசு விளம்பரம் செய்தது. நம் குடியானவர்களுக்குப் பெரிய விடுதலை அது! அந்த வகை நிலமாக இருந்தால், அதற்கு முந்தைய ஓலையை முழு உடைமைக்குச் சான்றாக வைத்து வாதாடுவது கடினம்.

கேள்வி: வெள்ளைக்காரர் ஆட்சியில் நாஞ்சில் நாட்டு விவசாயி வழக்கை எங்கே கொண்டுபோனார்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நேரடி வெள்ளைக்கார ஆட்சி ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம்தான். இங்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசு. பக்கத்தில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடெண்ட். ரெசிடெண்டான கர்னல் மன்றோ 1811 முதல் 1814 வரை திவானாகவும், அதாவது தலைமை அமைச்சராகவும் இருந்தார். அதுவரை வரி வசூலும் வழக்கு விசாரணையும் காரியக்காரர் என்ற வட்டார அதிகாரி ஒருவர் கையிலேயே இருந்தன. வசூலில் அநியாயம் நடந்தால், செய்தவரிடமே போய் முறையிட வேண்டும். இதைவிடக் கொடுமை வேறென்ன? மன்றோ காரியக்காரரைத் தாசில்தாராக்கி, நீதி அதிகாரத்தைப் பிரித்து ஜில்லா கோர்ட்டுகளிடம் கொடுத்தார். நமக்குப் பத்மநாபபுரத்தில் ஒன்று அமைந்தது. 1814-இல் திருவனந்தபுரத்தில் அப்பீல் கோர்ட்டும் வந்தது. சில்லறை வழக்குகளுக்கு முன்சீப்புகள் பிறகே வந்தார்கள்.

பழைய ஆவணம் தேடுகிறவர்கள் பலர் திருநெல்வேலிக் கலெக்டர் கோப்புகளில் காலத்தை வீணாக்குகிறார்கள். திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள். மனுவில் இன்றைய தாலுகா பெயரோடு அன்றைய பெயரையும் எழுதுங்கள். இன்று கல்குளத்தில் இருக்கும் ஊர் அன்று இரணியல் தாலுகாவில் இருந்திருக்கலாம்.