இறக்கத்துக்கு எந்த பிரேக்?

வாசகர் கேள்விகளுக்குக் குன்னூரில் சைக்கிள் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கியர் சைக்கிள் வேண்டுமாம். ஒரே மாடலில் ஒயரால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கும் (ஒயர் டிஸ்க்) இருக்கிறது, ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் (ஆயில் டிஸ்க்) இருக்கிறது. விலை சில ஆயிரம் வித்தியாசம். எதை வாங்கட்டும் அண்ணா?
– வாசகி, அரவேணு

முதலில் ஒன்று கேட்கிறேன் அம்மா. தம்பி கோத்தகிரி வரை பள்ளிக்குப் போய்வருவதோடு சரியா, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மேட்டுப்பாளையம் வரை இறங்குவானா? பள்ளிக்கு மட்டும்தான் என்றால் ஒயர் டிஸ்க் போதும். ஒயர் அறுந்தால் எந்தச் சின்னக் கடையிலும் மாற்றிவிடலாம். ஆயில் பிரேக்கில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்றச் சரியான ஆயிலும் கருவியும் வேண்டும். கை பழகிய ஆளும் வேண்டும். மலையில் எல்லா ஊரிலும் அது கிடைக்காது.

ஆனால் ஒயர் டிஸ்க்கில் ஒரு வேலையைத் தம்பியே கற்றுக்கொள்ள வேண்டும். டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும், உள்பக்கத்தது அசையாது. பேட் தேயத் தேய எல்லோரும் ஒயரை மட்டும் இழுத்துக் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து கொடுக்கும், பிடிப்பு குறையும். சக்கரத்தின் பக்கமிருந்து எல்-கீ போட்டு உள் பேடையும் டிஸ்க்கை உரசாத அளவுக்கு நெருக்கி வைக்க வேண்டும். என் பட்டறைக்கு ‘பிரேக்கே பிடிக்கவில்லை’ என்று வரும் ஒயர் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு திருகல்தான் வைத்தியம்.

நீண்ட இறக்கம் உண்டு என்றால், தயங்காமல் ஆயில் டிஸ்க் வாங்குங்கள். டிசம்பர் மாதக் காலைக் குளிரில் விரல் விறைத்துக் கிடக்கும்போது ஒயர் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மலை இறங்குவது எவ்வளவு சிரமம் என்று இறங்கியவர்களுக்குத் தெரியும். ஆயில் பிரேக்குக்கு ஒரு விரல் போதும். பேட் தேய்வதையும் அதுவே ஈடுகட்டிக்கொள்ளும்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் கம்பெனிப் பெயருக்குக் கொடுக்காதீர்கள், முன்பக்க டிஸ்க்கின் அளவுக்குக் கொடுங்கள். 160 மி.மீ. இருக்கும் இடத்தில் 180 மி.மீ. போட்டால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும், சூடும் பரவி ஆறும். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) அந்த அளவைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு, பெரிய டிஸ்க்குக்கு ஏற்ப பிரேக்கைத் தள்ளி மாட்டும் அடாப்டரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியார் நெருங்குகையில் லிவர் ஹேண்டில் வரை வந்துவிட்டது. ஆயில் பிரேக்தான். கால் மணி நேரம் நின்றதும் பழையபடி பிடித்தது. ஏன் சார்?
– வாசகர், வெலிங்டன்

பழையபடி பிடித்ததால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறையும் இதே இடத்தில் இதுவே நடக்கும். உங்கள் பிரேக்குக்குள் இருந்த திரவம் கொதித்திருக்கிறது.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 95 கிலோ என்று வையுங்கள். 1,500 மீட்டர் இறங்கினால் 14 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி ஒரு சாண் அகலம்கூட இல்லாத டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழுகிறது. காலிபருக்குள் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) திரவம் கொதித்து ஆவியானால் லிவர் அந்த ஆவியைத்தான் அமுக்கும், பேடை அல்ல. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் பிரேக் திரும்பி வந்தது.

இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலாவது, ஆயிலை மாற்றுங்கள். லிவர் மூடியில் எந்த வகை என்று போட்டிருக்கும். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட் (DOT) திரவம், அதாவது பைக், கார் பிரேக்கில் ஊற்றும் வகை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். பைக்கில் மிச்சமிருந்த பிரேக் ஆயிலை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றி, காலிபரையே தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். டாட் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். நம்மூர் பனிமூட்டத்தில் வருடம் ஒருமுறை மாற்றுவது அவசியம். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. அதற்காக மறந்துவிடாதீர்கள்: எப்படியாவது உள்ளே போன தண்ணீர் அதில் கரையாமல் காலிபரின் அடியில் தங்கி, 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இரண்டாவது, பிடிக்கும் முறை. இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கை ஆறவிடாமல் செய்கிறது. கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்னால் நேரான பகுதியிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் நிறுத்துங்கள், வழியில் டீக்கடை இருக்கிறது. நிறுத்தியதும் டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம், கோணிப்போகும்.

செயினுக்கு ஸ்பிரே அடித்த பிறகு பின் பிரேக் கீச்சென்று கத்துகிறது, பிடிப்பும் இல்லை.
– வாசகர், கேத்தி

ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பேடை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஆழமாக இறங்கியிருந்தால் புது பேடுதான் வழி. அடுப்பில் காட்டி எரிக்கச் சொல்வார்கள். பேடைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும், செய்யாதீர்கள். இனி செயினுக்கு ஸ்பிரே வேண்டாம், சொட்டு சொட்டாக விட்டுத் துடைத்துவிடுங்கள்.

புது பேட் போட்ட அன்றே மலை இறங்கக் கூடாது. சமமான சாலையில் வேகமெடுத்து, நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, முழுதாக நிற்காமல் விடுங்கள். இப்படி ஒரு 20 முறை. பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். மழையிலும் மூடுபனியிலும் வரும் சத்தம் வேறு, இரண்டு மூன்று முறை பிடித்ததும் போய்விடும்.

என் பழைய சைக்கிளுக்கு டிஸ்க் போட முடியுமா?
– வாசகர், கூடலூர்

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிபர் மாட்டும் இடம் இருந்து, டிஸ்க் ஏற்கும் ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பாகம்) கிடைத்தால் முடியும். இல்லையென்றால் வெல்டிங் வைத்து ஒட்டச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல பிரேக் கட்டை போட்டு ஓட்டுங்கள்.

பேடை எப்போது மாற்றுவது? எந்த வகை நல்லது?
– வாசகர், ஊட்டி

கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. ரெசின் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழைச் சேற்றில் வேகமாகக் கரையும். மெட்டல் பேட் நீண்ட நாள் உழைக்கும், சூட்டையும் தாங்கும், கொஞ்சம் கத்தும். நீண்ட இறக்கத்துக்கு நான் மெட்டல்தான் போடுவேன். ஆனால் விலை குறைந்த சில டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அவற்றில் மெட்டல் போட்டால் டிஸ்க் தேய்ந்துவிடும், முதலில் அதைப் படித்துப் பாருங்கள். பேடின் பின்புறத் தகட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் பேட் பொருள் 1 மி.மீ. ஆகிவிட்டதா, புதிதை வாங்கி வையுங்கள். 0.5 மி.மீ. வந்தால் அன்றே மாற்றுங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5-க்குக் கீழே போனால் அதையும் கழற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியிருக்கும்போது லிவரை அமுக்கக் கூடாது, பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள்.