ஷாங்காயில் விமானம் மாறும்போது விசா இல்லாமல் ஊர் பார்க்கலாமா?

பார்க்கலாம். சீனா வழியாக 24 மணி நேரத்துக்குள் வேறொரு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விசா தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இது பொருந்தும். திண்ணையில் இளைப்பாறிவிட்டுக் கிளம்பும் வழிப்போக்கரை விருந்தாளிக் கணக்கில் சேர்ப்பதில்லையே, அதுபோல. அதனால்தான் அடுத்த நாட்டுக்கான உறுதியான டிக்கெட்டைக் கேட்கிறார்கள். வந்த நாட்டுக்கே திரும்பினால் செல்லாது. வெளியே விடுவது குடிவரவு அதிகாரியின் முடிவு.

பகலில் எட்டு மணி நேரமாவது இருந்தால் கிளம்புங்கள். புடோங் விமான நிலையத்திலிருந்து காந்த விசையில் மிதந்து ஓடும் மாக்லெவ் ரயில் சுமார் 30 கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் கடந்து லோங்யாங் சாலையில் இறக்கிவிடும். அப்புறம் 2ஆம் எண் மெட்ரோவில் நான்ஜிங் கிழக்குச் சாலை. பொடிநடையாகப் போனால் பண்ட் எனப்படும் நதிக்கரை. இந்தப் பக்கம் பழைய வங்கிக் கட்டடங்கள், எதிர்க்கரையில் வானளாவிய கோபுரங்கள். அவசியம் பாருங்கள்.

பலரும் இதோடு குழப்பிக்கொள்ளும், சில நாட்டவர் மட்டும் விசா இல்லாமல் தங்கிப் போகும் 240 மணி நேரச் சலுகை வேறு. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.